ஒரே நகரம், இரண்டு ஆட்சி: நிக்கோசியாவைப் பிரித்த பச்சைக்கோடு

கடைத்தெருவில் நடந்துபோகிறீர்கள். பாதி வழியில் ஒரு சோதனைச் சாவடி. கடப்பிதழைக் காட்டுகிறீர்கள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு சாவடி. மறுபடியும் கடப்பிதழ். தெரு அதேதான். ஆனால் அந்தப் பக்கம் நாணயம் யூரோ, இந்தப் பக்கம் துருக்கிய லிரா.

உட்லண்ட்ஸில் கடப்பிதழ் காட்டுவது நமக்குப் பழக்கம்தான். அது இரண்டு நாடுகளின் எல்லை. இதுவோ ஒரே நகரத்தில் உள்ள லெட்ரா தெரு. ஊர், சைப்ரஸின் தலைநகர் நிக்கோசியா.

கோடு எப்படி வந்தது?

சைப்ரஸ் 1960இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. மக்களில் பெரும்பாலோர் கிரேக்க மொழி பேசுபவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் துருக்கிய மொழி பேசுபவர். கிரேக்கத் தரப்பில் பலர் தீவை கிரீஸுடன் இணைக்க விரும்பினர். துருக்கியத் தரப்பிலோ தீவைப் பிரிக்கவேண்டும் என்ற குரல் ஒலித்தது. இருவரும் அதிகாரத்தைப் பகிர்ந்து ஆளும் ஏற்பாடு மூன்றே ஆண்டில் முறிந்தது.

1963 டிசம்பரில் தலைநகரில் சண்டை வெடித்தது. இரு தரப்பையும் விலக்கி வைக்க, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பீட்டர் யங் நகரின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். 'பச்சைக்கோடு' என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1964 மார்ச்சில் ஐக்கிய நாட்டு அமைதிகாப்புப் படைக்கு ஒப்புதல் கிடைத்தது. மூன்று மாதத்துக்குத்தான் என்று பேச்சு. அந்தப் படை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

1974இல் என்ன நடந்தது?

ஜூலை 15ஆம் தேதி, கிரீஸின் ராணுவ ஆட்சி தூண்டிய கவிழ்ப்பு. ஐந்தே நாளில் துருக்கியப் படைகள் தீவில் இறங்கின. தீவின் வடக்கே மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நிலம் அவற்றின் வசமானது. கிரேக்க சைப்ரஸ் மக்கள் தெற்கே ஓடினர். துருக்கிய சைப்ரஸ் மக்கள் வடக்கே போனார்கள். நகரத்துக்குள் இருந்த கோடு, தீவையே வெட்டும் சுமார் 180 கிலோமீட்டர் இடைப்பகுதியாக நீண்டது. நிக்கோசியாவின் பழைய விமான நிலையமும் அதற்குள் சிக்கிப் பாழடைந்து கிடக்கிறது.

1983இல் வடக்கு தன்னைத் தனிக் குடியரசாக அறிவித்தது. அதை அங்கீகரித்த ஒரே நாடு துருக்கி.

கழிவுநீருக்கு எல்லை தெரியுமா?

பிரிக்க முடியாததும் ஒன்று இருந்தது: கழிவுநீர். ஒரு பக்கத்துக் குழாய் மறுபக்கம் போகாமல் வேலைக்கு ஆகாது. 1970களின் இறுதியில் தெற்கின் மேயர் லெல்லோஸ் டிமிட்ரியாடிஸும் வடக்கின் மேயர் முஸ்தஃபா அக்கிஞ்சியும் கைகோத்து, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கழிவுநீர்க் கட்டமைப்பை அமைத்தார்கள். மேலே மனிதர்கள் கடக்க முடியாத காலத்தில், கீழே கழிவுநீர் கடந்துகொண்டிருந்தது!

மனிதர்களுக்கு வழி திறந்தது 2003இல். லெட்ரா தெரு திறக்க 2008 ஆனது.

அப்படியானால் ஏன் இன்னும் சேரவில்லை?

2004இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் இணைப்புத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. துருக்கியத் தரப்பில் சுமார் 65 விழுக்காட்டினர் 'சரி' என்றனர். கிரேக்கத் தரப்பில் சுமார் 76 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றனர். துருக்கியத் துருப்புகள் எப்போது வெளியேறும், விட்டுவந்த வீடு யாருக்கு என்ற கேள்விகளுக்குத் திருப்தியான பதில் இல்லை என்பது அவர்கள் கவலை. ஒரு வாரத்தில் சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஆனால் ஒன்றியத்தின் சட்டங்கள் வடக்கில் நடப்புக்கு வரவில்லை. 2017இல் சுவிட்சர்லந்தில் நடந்த பேச்சும் முறிந்தது.

2025 அக்டோபரில் வடக்கில் தேர்தல். இரு நாடுகள் வேண்டும் என்ற எர்சின் தத்தார் தோற்றார். கூட்டாட்சியை ஆதரிக்கும் துஃபான் எர்ஹுர்மன் வென்றார். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. ஆனால் அங்காராவின் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது.

நாம் ஏன் கவனிக்கவேண்டும்?

1974இல் 20 வயதாக இருந்தவர் இன்று 70ஐத் தாண்டிவிட்டார். அக்கம்பக்கமாக வாழ்ந்ததை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. காணாமற்போன 2,002 பேரின் பட்டியலில் பல குடும்பங்கள் இன்னமும் பதிலுக்குக் காத்திருக்கின்றன.

அந்தக் கோடு நிரந்தரம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. ஆனால் யாரும் முடிவெடுக்காமலே இருந்தால், காலமே அந்த முடிவை எடுத்துவிடும்.