குழந்தை திடீரென்று உளறினால்...

பி.காம் படிக்கிறவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். விஷயம் கொஞ்சம் கணக்கு சம்பந்தப்பட்டதுதான்!

குழந்தைகளுக்கு வரும் ஒற்றைத் தலைவலியில் ஒரு அரிய வகை உண்டு. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று ஆள், இடம் தெரியாமல் உளறும், முரண்டு பிடிக்கும். தலையில் லேசாக அடிபட்டாலும் இது வரலாம். தலைவலி என்று பிள்ளை சொல்லாமலே போகலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில், தூங்கி எழுந்ததும் தெளிந்துவிடும். நடந்தது எதுவும் நினைவிருக்காது. கேஸ்கன், பார்லோ என்ற இரண்டு மருத்துவர்கள் 1970இல் இதை விவரித்தார்கள்.

தூங்கினால் சரியாகுமென்றால் வீட்டிலேயே படுக்க வைக்கலாமே? கூடாது. மூளைக்காய்ச்சல், வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு, சர்க்கரை குறைவு, தெரியாமல் விழுங்கிய மாத்திரை எல்லாமே இப்படித் தொடங்கலாம். இந்தத் தலைவலியைக் காட்ட தனிப் பரிசோதனை கிடையாது. மற்றவை இல்லை என்று உறுதியான பிறகே இந்தப் பெயர்.

ட்ரையல் பேலன்ஸ் ஒட்டாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். ஆனால் தப்பைத் தேடாமலே போட்டால் வாத்தியார் விடுவாரா? அதே நியாயம்தான் இங்கேயும்.

ஸ்கேன் நார்மல் என்றதும் 'வீண் செலவு' என்று புலம்பாதீர்கள். அந்த நார்மல்தான் நீங்கள் வாங்கிய பதில். கூடவே, அம்மா அப்பாவுக்கு ஒற்றைத் தலைவலி இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதற்குக் காசு கிடையாது, ஆனால் பெரிய துப்பு!