பச்சிளம் குழந்தைக்கு நீச்சல் வகுப்பு... வளர்ச்சிக்கு உதவுவது தண்ணீரா, தாங்கும் கைகளா?

கழுத்தைச் சுற்றிக் காற்றடைத்த ஒரு வளையம். வெதுவெதுப்பான தொட்டியில் கைகால்களை அடித்தபடி தனியாக மிதக்கிறது நான்கு மாதக் குழந்தை. 'சீக்கிரம் நடக்கும், மூளை நல்லா வளரும்' என்கிறது பின்னணிக் குரல். கைக்குழந்தை உள்ள வீட்டின் போனில் இப்படி ஒரு ரீல்ஸ் எப்படியும் வந்துவிடுகிறது. 'நம்ம பிள்ளையையும் சேர்த்துவிடலாமா?' என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

பணம் கட்டும் முன் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம்.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாதம் தரையில் படும்படி வைத்தால் நடப்பதுபோலக் காலை எடுத்து வைக்கும். இரண்டு மாதம் ஆகும்போது பெரும்பாலும் அது நின்றுவிடும். அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலன் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளை நெஞ்சளவு தண்ணீரில் நிறுத்தியபோது அந்த நடை கூடியது. காலில் சதை போட்ட வேகத்துக்குத் தசையின் பலம் கூடவில்லை. அந்தப் பாரத்தைத் தண்ணீர் தாங்கியதும் கால் சுலபமாக மேலே எழுந்தது. தண்ணீரில் குழந்தை உற்சாகமாக உதைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐஸ்லாந்து தந்த பாடம்

உதைப்பது சரி, அதனால் பிற்காலத்தில் பலன் உண்டா? ஹெர்முண்டுர் சிக்முண்ட்ஸன், பிரையன் ஹாப்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஐஸ்லாந்தில் இதைச் சோதித்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பச்சிளம் பருவத்தில் நீச்சல் வகுப்புக்குப் போன 19 குழந்தைகளையும், போகாத 19 குழந்தைகளையும் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். முன்னவர்கள் வாரம் 2 மணி நேரம் வீதம் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றவர்கள்.

வகுப்புக்குப் போன குழந்தைகள் இரண்டே விஷயங்களில் முந்தியிருந்தார்கள். ஒன்று, தடுமாறாமல் நிற்பது. இன்னொன்று, பொருளைக் கையால் எட்டிப் பிடிப்பது. மற்றவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த வகுப்பில் நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும். பெரியவர்களின் உள்ளங்கை மேல் குழந்தையை நிற்க வைத்து, தண்ணீரில் மிதக்கும் பொருள்களை எட்டி எடுக்கப் பழக்கினார்கள். எதைப் பழகினார்களோ, அதில்தான் தேறினார்கள். தண்ணீரில் இறக்கிவிட்டாலே எல்லாத் திறமையும் வந்துவிடும் என்பதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. 38 குழந்தைகளை மட்டும் பார்த்த சிறிய ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது.

இரு குழுவிலும் பெற்றோரின் படிப்பு, வருமானம், வீட்டுச் சூழல் ஒரேமாதிரி இருக்கும்படி ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையின் வளர்ச்சியில் இவற்றுக்கும் பங்கு உண்டு. குறைமாதப் பிரசவம், பிறந்தபோது இருந்த எடை, வீட்டில் தவழ இடம் இருக்கிறதா, கூட விளையாட ஆள் இருக்கிறார்களா என எல்லாமே சேர்ந்துதான் வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. வாரத்தில் ஓரிரு மணி நேர வகுப்பு அதில் ஒரு சின்னப் பகுதி.

கழுத்து வளையம் வேண்டாம்

அந்த வகுப்பில் குழந்தையைத் தாங்கியது ஒரு கை. ரீல்ஸில் அந்தக் கை இருந்த இடத்துக்கு வளையம் வந்துவிட்டது. ஆபத்தும் அங்கேதான்.

கழுத்து வளையம் குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ 2022 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. வளையம் போட்ட ஒரு குழந்தை இறந்தது, இன்னொன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. இரண்டு சம்பவங்களிலுமே பெரியவர்கள் நேரடியாகக் கவனிக்காத நேரத்தில்தான் விபரீதம் நடந்திருக்கிறது. வளர்ச்சியில் தாமதம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் போன்ற பாதிப்புள்ள குழந்தைகளுக்குத் தண்ணீர்ப் பயிற்சி என்ற பெயரில் இதை மாட்டவே வேண்டாம் என்கிறது எஃப்.டி.ஏ. 'ஏதாவது செய்தால் பிள்ளை தேறிவிடுமே' என்று தவிக்கும் பெற்றோர்தான் இதில் எளிதாக ஏமாறுகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்குத் தண்ணீர்ப் பயிற்சி தேவையா என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் முடிவு செய்யட்டும்.

'இப்பவே நீச்சல் பழகினால் தண்ணீரில் மூழ்காது' என்பதும் தவறான நம்பிக்கை. ஒரு வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு கிடைப்பதாக ஆதாரம் இல்லை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்.

சேர்ப்பதாக இருந்தால்...

* குழந்தை மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

* தண்ணீர் 32 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

* அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உடல் நடுங்கினாலோ, உதடு நீலமானாலோ உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

* குளோரின் நெடி மூக்கில் ஏறும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

* அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு தண்ணீரில் இறங்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

வகுப்புக்கு வசதி இல்லையா?

கவலை வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும், இன்னும் தவழாத குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் படுக்க வைத்து விளையாட விடுங்கள், விட்டுவிட்டுச் செய்தாலும் ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடங்களாவது வரட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். தரையில் ஒரு விரிப்பு, எதிரே ஒரு கிலுகிலுப்பை, பக்கத்தில் ஓர் ஆள் போதும்.

பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதமே நடந்துவிட்டது என்று பதறவும் வேண்டாம். இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளை வைத்து அதே நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்கின்படி, பிடிமானம் இல்லாமல் நடக்கும் வயது சுமார் 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்கு மேல் வரை நீள்கிறது.

வகுப்பைப் பார்க்கப் போன இடத்தில் கழுத்து வளையத்தை எடுத்து நீட்டினால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அன்றைய குளியலில் அம்மா தண்ணீர் ஊற்றட்டும், அப்பா இரண்டு கைகளாலும் பிள்ளையைத் தாங்கிக்கொள்ளட்டும்.