பனி பார்க்க ஃபோர் பை ஃபோர் வேணுமா?

தில்லிப் பக்கம் குடும்பத்தோட இருக்கற நம்மாளுங்களுக்கு இது புதுசில்ல. அரையாண்டு லீவு விட்டாப் போதும், ஊர்லேர்ந்து மச்சான், நாத்தனார், பசங்கன்னு ஒரு படையே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கும். தாஜ்மஹால் ஒரே நாள்ல முடிஞ்சிடும். அடுத்தது "பனி பார்க்கணும்". உடனே மணாலி.

இதனாலேயே புது கார் வாங்கப் போறவங்க கிட்டேர்ந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. போன வாரம் நொய்டா தம்பி ஒருத்தர் போன்ல: "அண்ணே, ஸ்விஃப்ட் பார்த்து வச்சிருந்தேன். மலைக்குப் போறதுன்னா ஃபோர் பை ஃபோர்தான் சேஃப்டின்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. லோனைக் கொஞ்சம் கூட்டி ஜிம்னி எடுத்துடட்டுமா?"

வேண்டாம் தம்பின்னு சொன்னேன். காரணம் பணம் மட்டுமில்ல.

அம்பாசடர்ல பின் சீட்டு நடுவுல உட்கார்ந்து போனவங்களுக்கு ஞாபகம் இருக்கும், காலுக்கு நடுவே ஒரு மேடு. முன்னாடி இருக்கற எஞ்சின்லேர்ந்து பின் சக்கரத்துக்குப் போற தண்டுக்காக விட்ட இடம் அது. 1983-ல மாருதி 800 வந்தப்போ அந்தத் தண்டே தேவையில்லாமப் போச்சு. எஞ்சினும் முன்னாடி, இழுக்கற சக்கரமும் முன்னாடி. எஞ்சினோட கனம் இழுக்கற சக்கரத்து மேலேயே உட்கார்றதால பிடிமானம் நல்லா இருக்கும். இன்னிக்கு நம்ம ஊர்ல ஓடற சின்னக் கார்ல பெரும்பாலானது இந்த ஃப்ரண்ட் வீல் டிரைவ்தான்.

இதுக்கு ஒரு பலவீனம் உண்டு, மறைக்கல. செங்குத்தான ஏத்தத்துல வண்டியோட கனம் பின்பக்கம் சாயும், முன் சக்கரம் லேசாகும். அங்கே பனியோ சேறோ இருந்தா சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். (மலைக்காரங்க சில சமயம் ரிவர்ஸ்ல ஏத்தறதைப் பார்த்திருக்கலாம். கனம் இழுக்கற சக்கரத்துப் பக்கமே சாயணும்னுதான் அந்த வித்தை.) இந்த இடத்துல ஆல் வீல் டிரைவ் ஜெயிக்கும், சந்தேகமே இல்ல. கிளம்பறதுக்கும் ஏறுறதுக்கும் அது ராஜா.

ஆனா நிறுத்தறதுக்கு? பிரேக் எல்லாக் கார்லயும் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு. எத்தனை சக்கரம் இழுக்குதுங்கறதுக்கும் வண்டி எங்கே நிக்குங்கறதுக்கும் சம்பந்தம் இல்ல. வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி திரும்புமாங்கறதும் டயர் ரப்பர் ரோட்டைப் பிடிக்கறதைப் பொறுத்தது. ஜிம்னில இருக்கற லோ கியர் இறக்கத்துல மெதுவா ஊர்ந்து வர உதவும், உண்மைதான். ஆனா கண்ணுக்குத் தெரியாத பளிங்கு ஐஸ் மேல டயர் வழுக்கிடுச்சுன்னா அதுவும் சும்மா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கும்.

எனக்கு பயம் இங்கேதான். ஃப்ரண்ட் வீல் வண்டி ஏத்தத்துலயே சுத்தி நின்னு "இதுக்கு மேல வேண்டாம்டா, திரும்பு"ன்னு சொல்லிடும். ஃபோர் பை ஃபோர் எந்த முணுமுணுப்பும் இல்லாம மேல கொண்டுபோய் விட்டுடும். அப்புறம் அதே ரோட்டுல இறங்கணும், பின் சீட்டுல குழந்தைங்களை வச்சுக்கிட்டு. அப்போ உங்க கிட்ட இருக்கறது மத்தவங்க கிட்ட இருக்கற அதே நாலு டயர்தான்.

இன்னொண்ணு. ஜிம்னி, தார் ஃபோர் பை ஃபோர், பழைய ஜிப்ஸி எல்லாம் வேணும்போது மட்டும் நாலு சக்கரத்தையும் இணைக்கற வகை. காய்ஞ்ச தார் ரோட்டுல இணைக்கக் கூடாது, திருப்பத்துல கியர் பாகங்கள் முறுக்கிக்கும். அதனால ஹைவேல இது வெறும் பின்சக்கர வண்டி. வழுக்கினா தானே பின் சக்கரத்துக்கும் சக்தி அனுப்பற சின்னக் காரை சுசுகி ஜப்பான்லயும் ஐரோப்பாவுலயும் விக்கறாங்க, நம்ம ஸ்விஃப்ட் பேர்லயே. இங்கே கொண்டுவரல.

பணக் கணக்கு சுருக்கமா. ஸ்விஃப்ட் 2024-ல வந்தப்போ ஆரம்ப ஷோரூம் விலை 6.49 லட்சம், ஜிம்னி 2023-ல 12.74 லட்சம். நாலு மீட்டருக்குள்ள இருந்தாலும் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கறதால ஜிம்னிக்குச் சின்னக் கார் வரிச் சலுகை கிடையாது. 2025 செப்டம்பர் மாத்தத்துக்கு அப்புறம் அதுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், ஸ்விஃப்ட்டுக்கு 18. கம்பெனி சொல்ற மைலேஜ் 24.8-க்கு எதிரா 16.94. வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினா 190 லிட்டர் பக்கம் கூடுதல். எஞ்சின் வேற, வண்டி வேறன்னு சொல்வீங்க, நியாயம்தான். ஒரே எஞ்சின்ல பார்க்கணும்னா கிராண்ட் விடாரா: 2022-ல வந்த மேனுவல் கியர் வண்டில ஃப்ரண்ட் வீலுக்கு 21.11, ஆல் வீலுக்கு 19.38. நாலு டயரும் ஒரே அளவு தேய்ஞ்சிருக்கணுங்கறதால ஆல் வீல்ல ஒரு டயர் போனாலும் பல சமயம் நாலையும் மாத்த வேண்டி வரும்.

"பனி விழுந்தா சோலாங் தாண்டி ஃபோர் பை ஃபோரை மட்டும்தானே போலீஸ் விடறாங்க?"ன்னார் தம்பி. வாஸ்தவம். 2020-ல அடல் சுரங்கம் திறந்தப்புறம் கூட்டம் அப்படி. 2024 டிசம்பர்ல ஒரே பனியில நூத்துக்கணக்கான வண்டி அங்கே மாட்டிக்கிச்சு. அந்த ஒரு நாளைக்கு உள்ளூர் டிரைவரோட ஃபோர் பை ஃபோர் டாக்சி எடுங்க. எந்த வளைவுல நிழல் விழுந்து ஐஸ் உறையும்னு அவருக்குத் தெரியும். லே, தவாங், கின்னவுர்னு வேலை மாத்தலாகிப் போறவங்க கதை வேற. அவங்க தாராளமா வாங்கட்டும். நமக்கு மீதி 360 நாளும் குருகிராம் டிராஃபிக், வருஷத்துக்கு ஒரு தடவை என்.எச். 44-ல ஊருக்கு.

மிச்சப்படற காசுல ஒரு துளியை டயருக்குப் போடுங்க. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தாப் போதும், ஆனா மலைக்கு அது பத்தாது. ரெண்டு டயர் மட்டும் மாத்தறீங்கன்னா, ஃப்ரண்ட் வீல் வண்டியா இருந்தாலும் புதுசைப் பின்னாடி போடச் சொல்லுங்க. பின்பக்கம் வழுக்கினா வண்டியே சுத்திடும். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்ல :-) ஈ.எஸ்.சி. இல்லாத மாடல் பக்கமே போகாதீங்க. குளிர்ல காத்து இறங்கும், சுமார் 5 டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ., அதனால மணாலில காலையில ஒரு தடவை செக் பண்ணுங்க.

பனிச் சங்கிலி வாங்கினா அது முன் சக்கரத்துக்கு. வீட்டு பார்க்கிங்லயே ரெண்டு தடவை மாட்டிப் பழகிக்குங்க. மைனஸ் அஞ்சு டிகிரில, மச்சான் டார்ச் பிடிக்க, பின்னாடி அம்பது வண்டி ஹாரன் அடிக்க, அந்தக் கொக்கி எந்தப் பக்கம்னு தேடற நேரம் இல்ல அது.