எந்தப் பக்கத்து வக்கீல்?

இன்று வீட்டுக்காரருக்காக வாதாடும் வக்கீல் அடுத்த வாரம் வேறொரு வழக்கில் வாடகைதாரருக்காக நின்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தொழிலாளர் நீதிமன்றத்து வராண்டாவில் மட்டும் ஒரு வக்கீலைப் பற்றி முதலில் வரும் கேள்வி, 'அவர் எந்தப் பக்கம்?' யூனியன் சைடா, மேனேஜ்மென்ட் சைடா? பெயரும் ஊரும் அதற்கு அப்புறம்தான். இந்தத் தொழிலில் முதல் ஒன்பது வருஷம் நான் யூனியன் சைடு. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷமாக இரண்டு பக்கமும். முதல் தடவை ஒரு நிர்வாகத்துக்கு வக்காலத்து போட்ட அன்று, கேன்டீனில் தினமும் என்னோடு டீ குடிக்கும் தொழிற்சங்கத்துக்காரர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போனார். சண்டை எதுவும் இல்லை. இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பிரிவினைக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. 1918 ஏப்ரல் 27 அன்று பின்னி நிர்வாகத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர்; செல்வபதி செட்டியார், திரு.வி.க. எல்லாம் கூட நின்றவர்கள். 1920 தகராறின்போது நிர்வாகம் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறச்சொல்லித் தொழிலாளர்களைத் தூண்டினார் என்று வாடியா மீது நஷ்டஈட்டு வழக்கு, தடையுத்தரவும் கிடைத்தது. சங்க வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று வாடியா ஒப்புக்கொண்ட பிறகுதான் வழக்கு ஓய்ந்தது. அந்த அதிர்ச்சியில்தான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்; 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது; சங்கத்தின் மீது இப்படிச் சிவில் வழக்கு போட முடியாமல் அதன் 18ஆம் பிரிவு காப்புக் கொடுத்தது. அதாவது, சென்னைத் தொழிலாளி வக்கீலை முதன்முதலில் சந்தித்தது எதிராளியின் கையில் இருந்த ஆயுதமாக.

அந்த அவநம்பிக்கை 1947 தொழில் தகராறு சட்டத்திலும் படிந்திருக்கிறது. 36ஆம் பிரிவைப் பாருங்கள். சமரசப் பேச்சில் வக்கீல் கூடாது. தொழிலாளர் நீதிமன்றத்தில் வரலாம், ஆனால் எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டும், நீதிமன்றமும் அனுமதிக்க வேண்டும். வக்கீல் நுழைந்தால் இழுத்தடிப்பும் சட்ட நுணுக்கமும் சேர்ந்து நுழையும் என்ற பயம். பயம் நியாயமானது, பூட்டுதான் சரியில்லை. 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வக்கீல் முதலாளிகள் சங்கத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ உண்மையிலேயே நிர்வாகியாக இருந்தால் அந்தப் பதவியின் பேரில் வரலாம், சம்மதம் தேவையில்லை என்றது. பிறகென்ன, வக்கீல்கள் நிர்வாகிகள் ஆனார்கள். மற்ற இடங்களில் 'என் வக்காலத்தை நீ ஆட்சேபிக்காதே, உன்னுடையதை நான் ஆட்சேபிக்கவில்லை' என்பதே நடைமுறை. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் புதிய தொழில் உறவுகள் தொகுப்பும் இந்தப் பழைய பூட்டை ஏறத்தாழ அப்படியே எடுத்து மாட்டியிருக்கிறது.

பக்கம் பிரிந்ததற்குப் பணமும் ஒரு காரணம். ஜெயித்தால் வரும் தொகையில் இவ்வளவு பங்கு என்று பேசிக்கொள்ள பார் கவுன்சில் விதி இடம் தருவதில்லை. அமெரிக்காவில் தொழிலாளி பக்கத்து வக்கீல் பெரும்பாலும் அப்படித்தான் பிழைக்கிறார். இங்கே வேலை போனவனிடம் ஃபீஸ் வாங்க வேண்டும். வேலை போனவனிடம் என்ன இருக்கும்? ஒருவர் ஃபீசுக்குப் பதிலாக என் ஆபீஸ் சீலிங் ஃபேனுக்கு வைண்டிங் கட்டிக்கொடுத்தார். அது இன்றும் சுற்றுகிறது. ஆனால் ஆபீஸ் வாடகையை ஃபேன் கட்டாதே. நான் பக்கம் தாண்டியதற்குக் கொள்கை காரணம் ஏதாவது சொன்னால் அது பொய். வாடகைதான் காரணம். சென்னையில் சிலர் தாண்டவே இல்லை. சட்ட அறிக்கைகளைப் புரட்டினால் சங்கங்களுக்கு ரோ அண்ட் ரெட்டி, நிர்வாகங்களுக்கு டி.எஸ். கோபாலன் அண்ட் கோ என்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ரோ அண்ட் ரெட்டியில் தொடங்கிய கே. சந்துரு 2006இலிருந்து 2013 வரை உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். அப்படி ஒரே பக்கம் நின்றவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு, கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ஆனால் தாண்டியதால் ஒன்றைப் பார்த்தேன். வேலைநீக்க வழக்கு தீர்மானமாவது நீதிமன்றத்தில் இல்லை. ஆலைக்குள்ளே, நிர்வாக அலுவலகத்துக்குப் பக்கத்து அறையில், உள்விசாரணை மேஜையில். தொழிலாளிக்காக நான் குறுக்கு விசாரணை செய்த காலத்தில் என் கையில் கிடைத்ததெல்லாம் முடிந்துபோன கோப்பு. சார்ஜ் மெமோ, விளக்கம், விசாரணை நடவடிக்கைகள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு வரி, அதன் கீழே அவர் கையெழுத்து. இங்கிலீஷில் நடந்த விசாரணைக்குத் தமிழில் கையெழுத்து. 'ஏங்க போட்டீங்க?' என்று கேட்டால், 'போட்டாத்தான் வெளிய விடுவேன்னாங்க சார்' என்பார். அதை நான் நம்புவேன். நிரூபிக்க வழி இருக்காது.

பக்கம் மாறிய பிறகு அந்தக் கோப்பு உருவாகும் இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு நாள் மனிதவள மேலாளர் ஒருவர் போன் பண்ணினார். "சார், டிஸ்மிஸல் ஆர்டர் டைப் பண்ணியாச்சு. என்கொயரிய எந்தத் தேதியில வெச்சுக்கலாம்?" அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்தில் முடிவாகிவிட்டது, இனி காகிதம் சரியாக இருக்க வேண்டும், அதற்குத்தானே வக்கீல் என்பது அவர் கணக்கு. விசாரணை அதிகாரிக்குக் கட்டணம் நிர்வாகம் தருகிறது. பல இடங்களில் அவரும் ஒரு வக்கீல். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாக இன்னொரு தொழிலாளி, அவரும் ஷிப்ட் முடிந்து தூக்கம் கெட்டு வந்தவர். நிர்வாகம் சட்டம் படித்தவரை எதிரே உட்கார்த்தினால் தொழிலாளிக்கும் வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி தர வேண்டும் என்று 1983இல் பம்பாய் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் சட்டம் படித்தவர் எதிரே உட்காருவதில்லை. முந்தைய நாள் இரவே கேள்விகளை எழுதிக் கொடுத்துவிடுகிறார். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

தொழில் தகராறு சட்டத்தில் 1971இல் சேர்ந்த 11-ஏ பிரிவு, விசாரணை ஒழுங்காக நடந்திருந்தாலும் தண்டனை அதிகம் என்று கருதினால் அதைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தந்தது. நல்ல பிரிவு. ஆனால் நீதிபதி படிப்பது அந்தக் கோப்பைத்தான். தொழிலாளி பக்கமே நின்றிருந்தால் கோப்பு எப்படிச் சமைக்கப்படுகிறது என்று எனக்குத் தெரிந்திருக்காது. நிர்வாகத்தின் பக்கமே நின்றிருந்தால், சமைக்கிறோம் என்பதே தெரிந்திருக்காது; 'நடைமுறையைப் பின்பற்றினோம்' என்றுதான் நினைத்திருப்பேன்.

இன்னொரு சம்பவம். சம்பளத் தகராறு நிலுவையில் இருக்கும்போது, அதோடு தொடர்பில்லாத குற்றத்துக்காக ஒருவரை நீக்கினாலும் ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, நீதிமன்ற ஒப்புதலுக்கு மனுப் போட வேண்டும். அதே சட்டத்தின் 33(2)(பி) பிரிவு அது. ஒப்புதல் கிடைக்காவிட்டால் அந்த நீக்கமே இல்லாததுபோல ஆகிவிடும் என்று 2002இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. நான் ஆஜரான ஒரு நிர்வாகம் காசோலை கொடுத்திருந்தது, ஆனால் அந்த மாதம் ஏறிய பஞ்சப்படியைச் சேர்க்கவில்லை. முந்நூற்று நாற்பது ரூபாய் குறைவு. எதிர்த்தரப்பு வக்கீல் கவனிக்கவில்லை. பழைய பழக்கத்தில் என் கண்தான் முதலில் காசோலைக்குப் போனது. நிர்வாகத்திடம் சொன்னேன்: ஆர்டரை வாபஸ் வாங்குங்கள், ஆளைத் திரும்ப எடுங்கள். "அவங்க வக்கீல் கண்ணுல படலையே சார்." "இன்னிக்குப் படல." இரண்டு மாதம் கழித்து, அதே சட்டத்தின் 18(1) பிரிவின்படி இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டு, அவர் வேலைக்குத் திரும்பினார். யார் கண்டுபிடித்தது என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கட்சிக்காரரின் ஓட்டையை எதிராளிக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. கட்சிக்காரரிடமே சொல்லும் கடமை இருக்கிறது, அது எத்தனை பேருக்குக் கைவருகிறது என்பதுதான் கேள்வி.

தொழிலாளியும் பொய் சொல்வார். வெளியே எங்கும் சம்பாதிக்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் எழுதச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட ஆட்டோ ஓட்டிக்கொண்டு வருவார். ஆட்டோ வாசலில் நிற்கும். எட்டு வருஷம் வேலையில்லாத மனிதன் பட்டினி கிடந்தான் என்று நீதிமன்றம் எதிர்பார்ப்பதும் வேடிக்கைதான். இந்தப் பொய்யும் நிர்வாகத்தின் பொய்யும் ஒரே எடை இல்லை. ஒன்று காத்திருப்பதால் வந்த பொய். மற்றது காத்திருக்க வைக்க முடியும் என்பதால் வந்தது.

இந்த வழக்குகளின் பொருளாதாரமே காத்திருப்புதான். மீண்டும் வேலை கொடு என்று தீர்ப்பு வந்தால் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நிலுவையில் இருக்கும் காலத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தில் 1984இல் நடைமுறைக்கு வந்த 17-பி பிரிவு சொல்கிறது. பாராளுமன்றமே ஒப்புக்கொண்ட விஷயம்: மேல்முறையீடு ஒரு தரப்புக்குச் செலவுக் கணக்கு, இன்னொரு தரப்புக்குச் சோறு. ஆனால் தொழிலாளர் நீதிமன்றத்தில் கழியும் வருஷங்களுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. நிர்வாகத்துக்கு நான் கொடுத்த ஆலோசனைகளில் மிகவும் லாபமானது எது என்று கேட்டால், சட்டக் கருத்து எதுவும் இல்லை. 'அவசரமில்லை' என்ற ஒற்றைச் சொல். ஐம்பத்திரண்டு வயதில் ஜெயித்தவர் வேலையைக் கேட்பதில்லை, தொகையைக் கேட்கிறார். வருஷம் ஏற ஏற அந்தத் தொகையும் இறங்குகிறது.

இரண்டு பக்கமும் நிற்பவனுக்கு எல்லை எங்கே? ஒரே வழக்கில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று பார் கவுன்சிலின் 33ஆம் விதி தடுக்கிறது. அது போதாது. ஒரு ஆலைச் சங்கத்துக்குப் பத்து வருஷம் யோசனை சொன்னவனுக்கு அந்தக் கமிட்டியில் யார் முதலில் உடைவார், யார் வீட்டில் கல்யாணச் செலவு என்பதெல்லாம் தெரியும். வழக்கு புதிது, ரகசியம் பழசு. ஒரு வளாகத்தில் ஒரு பக்கம் நின்றால் ஆயுசுக்கும் அந்தப் பக்கம்தான் என்று நான் வைத்துக்கொண்டேன். இதை விதியாகவே எழுதினால் என்ன? கட்டணம் கொஞ்சம் குறையும், கேன்டீனில் டம்ளர் நகராது.

இப்போதைய கவலை வேறு. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசு அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100 பேரிலிருந்து 300 பேர் ஆகியிருக்கிறது. குறித்த கால வேலை ஒப்பந்தம் சட்டத்திலேயே இடம் பிடித்துவிட்டது. காலம் முடிந்தால் வேலை முடியும், அது ஆட்குறைப்பும் ஆகாது. நீக்கமே நடக்காத இடத்தில் நீக்க வழக்கு ஏது? வேலை வராண்டாவிலிருந்து கண்ணாடி அறைக்கு நகர்ந்துவிட்டது. பெரிய சட்ட நிறுவனங்களில் 'எம்ப்ளாய்மென்ட் பிராக்டிஸ்' என்று சேரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். என்னைவிடச் சுத்தமாக ஒப்பந்தம் எழுதுகிறார்கள். ஆனால் தாங்கள் எழுதும் ஒரு வரி எவன் தலையில் விழும் என்று அவர்கள் ஒருநாளும் பார்ப்பதில்லை. அந்த நிறுவனங்களுக்குத் தொழிலாளி கட்சிக்காரராக வருவதே இல்லை.

ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் தூங்குகிறது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள் பட்டியலில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சமூகத்தினரோடு 'தொழிற்சாலைத் தொழிலாளி'யும் இருக்கிறார், வருமான வரம்பு எதுவும் இல்லாமல். தொழிலாளர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் அங்கே யார் கிடைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். நிர்வாகங்களிடம் மாதச் சம்பளம்போல ரீட்டெயினர் வாங்கும் எங்களைப் போன்றவர்கள் சட்ட உதவி வக்கீல்கள் பட்டியலில் பெயர் கொடுத்து, வருஷத்துக்கு நாலு வழக்காவது தொழிலாளிக்காக நடத்தினால் என்ன? விசாரணைக் கோப்பில் ஓட்டை எங்கே என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? வந்த வழக்கை ஏற்க வேண்டும் என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளாது, கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பார்கள். கோபித்துக்கொண்ட கட்சிக்காரர் எனக்கு இதுவரை ஒருவர்தான். மறுவருஷம் திரும்பி வந்துவிட்டார்.

போன மாதம் என் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை, ஒப்பந்தம் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் தொழிலாளர் நீதிமன்றத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வா என்று அனுப்பினேன். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தாள்.

"சார், 2011 நம்பர் கேஸ் ஒண்ணு இன்னும் ஓடுது."

"நம்பரப் பார்த்தே. ஆளப் பார்த்தியா?"

"அவர் இல்ல சார். அவர் பொண்ணு வந்திருந்தாங்க, வாரிசா சேர்த்திருக்காங்களாம். வாய்தா ஸ்கூல் நேரத்துல விழுந்தா லீவு எடுக்கணும், மத்தியானத்துக்குத் தள்ளிவெக்க முடியுமான்னு என்கிட்ட கேட்டாங்க. என்ன வேற யாரோட ஜூனியரோன்னு நெனச்சுட்டாங்கபோல."