ஆறு மாதம் காத்திருக்காது வெறிநோய்!

உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சஹர் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கபடி வீரர் ஒருவர், சாக்கடையில் விழுந்து தவித்த நாய்க்குட்டியைத் தூக்கிக் காப்பாற்றினார். அது அவர் விரலைச் சற்றே கடித்தது. சிறு குட்டிதானே என்று அவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. சில மாதங்களில், 2025 ஜூனில், வெறிநோயின் அறிகுறிகளோடு அவர் உயிரிழந்தார்.

குட்டியின் கடி தீங்கற்றது என்ற நம்பிக்கை வடநாட்டுக்கு மட்டும் உரியதன்று. பட்டு நெசவால் வாழும் எங்கள் ஆரணியில், மழைக்காலம் ஓயும் தறுவாயில் தெருவுக்குத் தெரு குட்டிகளைக் காணலாம். பெற்றோர் தறியில் அமர்ந்திருக்க, பிள்ளைகள் வாசலில் குட்டிகளைத் தூக்கி விளையாடுவது அன்றாடக் காட்சி. பல் பட்டாலும் நகம் கீறினாலும் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. இக்குட்டிகளுக்குத் தடுப்பூசி போடுவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கோ தெளிவான விடை இல்லை.

2024-இல் நாடு முழுவதும் சுமார் 37 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 4.80 லட்சம். உலக அளவில் வெறிநோய்க்குப் பலியாவோரில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பின், தெருநாய்களைக் காப்பகத்தில் அடைப்பதா, தெருவிலேயே விடுவதா என்று நாடே இரண்டுபட்டு வாதிட்டது. அவ்வாதத்தில் குட்டிகளுக்கு இடமில்லாமல் போயிற்று. விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளைக் கருத்தடைக்காகப் பிடிக்கக் கூடாது. கருணையும் மருத்துவ நியாயமும் உள்ள விதி அது. ஆனால் நடைமுறையில் பல ஊர்களில் கருத்தடையின்போதுதான் தடுப்பூசியும் போடப்படுகிறது. ஆகவே கருத்தடைக்கு வராத குட்டி தடுப்பூசிக்கும் வருவதில்லை. பிள்ளைகள் மிக எளிதாகத் தொட்டுத் தூக்கும் பருவத்தில்தான் அதற்குப் பாதுகாப்பு இல்லை.

பொருளியல் படித்தோர் இங்கே ஒரு கேள்வி எழுப்பக்கூடும். மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், இனப்பெருக்க வயதை எட்டியவை 19 விழுக்காடு மட்டுமே. ஐந்தில் நான்கு மடிந்துபோகும் குட்டிகளுக்குச் செலவிடுவது வீண் அல்லவா? அல்ல. அந்த ஊசி காப்பது குட்டியை மட்டுமன்று, அதைத் தூக்கும் குழந்தையையும்தான். மேலும், வெறிநோய்ச் சங்கிலியை அறுக்க 70 விழுக்காடு நாய்களுக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். பழைய நாய்கள் இறந்து புதியவை சேரும்போது, இவ்வாண்டு எட்டிய 70 அடுத்த ஆண்டு தானே சரியும். குட்டிகளை விட்டுவிட்டு அக்கணக்கு நேராகாது.

வீட்டு வளர்ப்புக்குட்டிகளுக்கு முறையான அட்டவணை உண்டு. இரண்டாம் வாரம் முதலே குடற்புழு நீக்கம். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கிப் பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடரும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. தாயின் சீம்பாலில் பெற்ற எதிர்ப்பொருள் தடுப்பூசியின் வேலையை மட்டுப்படுத்தலாம் என்பதாலேயே ஒன்றோடு நிறுத்தாமல் தொடர்கிறார்கள். ஆயினும், பெருந்திரள் முகாம்களில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் சேர்க்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மறுமுறை அகப்படாத குட்டிக்கு, கிடைத்த வாய்ப்பே நல்ல வாய்ப்பு.

செலவை யார் சுமக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆனால் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை போக வேண்டும். நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளிக்கு, பிள்ளையை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு நாளும் தறி நின்ற நாள். நாய்க்குப் போடும் ஊசியின் பயன் ஊருக்கே சேர்கிறது. போடாததன் சுமையோ ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிறது. இத்தகைய பொதுநன்மையைத் தனிமனிதர் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது.

கோவாவில் கருத்தடைக்காகக் காத்திராமல், தடுப்பூசியைத் தனி இயக்கமாகவே ஆண்டுதோறும் நடத்தி, பள்ளிகளில் விழிப்புணர்வையும் ஊட்டினார்கள். 2021-இல் அம்மாநிலம் வெறிநோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சென்னை மாநகராட்சியும் 2025 ஆகஸ்டில், தெருவிலேயே ஊசி போட்டு வண்ண அடையாளமிடும் திரள் முகாமைத் தொடங்கியது. பெருநகரில் இயல்வது சிறு நகராட்சிக்கு இயலாததன்று.

முகாம்களின் காலத்தையும் மாற்றி யோசிக்க வேண்டும். வழக்கமாக அவை உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ஐ ஒட்டி நடைபெறுகின்றன. குட்டிகள் பெரும்பாலும் பிறப்பதோ அதற்குப் பிந்தைய மாதங்களில். எனவே தை, மாசியில் குட்டிகளுக்கென இரண்டாவது சுற்று ஒன்றை நகராட்சியும் கால்நடை மருந்தகமும் சேர்ந்து நடத்தலாம். எந்தத் திண்ணையடியில் எத்தனை குட்டிகள் என்பதைத் தெருப்பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். குட்டி கடித்தாலும் கீறினாலும் சோப்பு நீரால் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை அப்பிள்ளைகளுக்கு அப்போதே சொல்லித் தரலாம்.

நாய்களால் பரவும் வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பது தேசிய செயல்திட்டத்தின் இலக்கு. இடையில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டிப் பருவங்களே. அடுத்த தை மாதத்தையேனும் தவறவிடலாகாது.