எருவாகுமா ஆகாயத்தாமரை?

ஊதாப் பூ! அதன் இதழிலே மயிற்பீலிக் கண்போல் ஒரு மஞ்சள் பொட்டு! அந்த அழகிலே மயங்கித்தான், அமேசான் ஆற்றுப் பக்கத்துச் செடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே வங்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். வந்த விருந்தாளி வீட்டையே பிடித்துக் கொண்டது. ஓடம் ஓடவில்லை, வயல் விளையவில்லை. 1936-ல் அதை ஒழிக்கச் சட்டமே போட்டனர். 1937 தேர்தலில் வங்கத்துக் கட்சிகள் தந்த வாக்குறுதிகளில் ஆகாயத்தாமரை ஒழிப்பும் ஒன்று!

அந்தச் செடி இன்று நொய்யலிலே கொலுவிருக்கிறது. வெள்ளியங்கிரியிலே பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியைச் சேரும் ஆற்றின் மேல் பச்சைப் பாய்! ஷிப்டு முடிந்து பாலத்தைக் கடக்கும் பனியன் கம்பெனித் தோழர் மூக்கைப் பொத்திக் கொண்டு களையைத் திட்டுகிறார். களை என்ன செய்யும்? நகரத்துச் சாக்கடையைத் திறந்துவிட்டு, தழைச்சத்தும் மணிச்சத்தும் ஊட்டி வளர்ப்பது யார்? இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகக் கூடிய செடிக்கு வேளை தவறாமல் விருந்து வைத்துவிட்டு, 'ஐயோ, பெருகுகிறதே' என்று அலறுவதிலே பொருளில்லை.

வாரி எடுத்து எருவாக்கலாம் என்கிறார்கள். வரவேற்கிறோம். வங்காளதேசத்து உழவர்கள் இதையே அடுக்கி, மிதக்கும் பாத்தி கட்டி, வெள்ளக் காலத்திலும் காய்கறி பயிரிடுகிறார்கள். நம் தோட்டத்துக்கும் ஆகும். பூத்து விதை விழுமுன் எடுக்க வேண்டும். விதை சேற்றிலே பல ஆண்டு உயிரோடு கிடக்கும். நூறு பங்கு எடையில் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். ஆகவே கரையிலே உலர்த்தி, நறுக்கி, சாணமும் மண்ணும் அடுக்கிக் குவித்து, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். குவியல் நன்கு சூடேறினால் விதையும் மாளும். உர மூட்டையின் விலை கேட்டுத் திகைக்கும் சிறு உழவனுக்கு இது சிறு உதவியல்ல.

ஆனால், திருப்பூரிலே இருந்துகொண்டு இத்தோடு நிறுத்த நமக்கு மனம் வரவில்லை. இந்தச் செடி நீரிலுள்ள குரோமியம், காட்மியம், ஈயம் போன்றவற்றை உறிஞ்சித் தன் வேரிலே சேர்த்து வைக்கும். மட்கினால் செடியின் எடை குறையும். உலோகம் குறையாது, செறிவு கூடும். மண்புழு தின்றாலும் நஞ்சு தேனாகிவிடாது. சாயநீரின் உப்பையும் இந்தச் செடி போக்கிவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். உப்பு மிகுந்தால் செடியே கருகும்.

ஒரத்துப்பாளையத்தை மறந்துவிட்டோமா? பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய அணை, சாயக் கழிவின் தொட்டியாயிற்று. நீரை நம்பிய உழவனின் நிலம் பாழ்பட்டது. 2011 சனவரியில் உயர்நீதி மன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, வேலையிழந்து நின்றவனும் நம் தோழனே. அன்று இருவரையும் வாட்டிய கழிவு, நாளை எரு என்ற பெயரிலே சாக்குப் பையில் ஏறி அதே உழவனின் தோட்டத்துக்குப் போகலாமா?

குளத்துக்குக் குளம் கணக்கு வேறு. சாயநீர் சேராத ஊர்க் குளத்துச் செடி தோட்டத்துக்குப் போகட்டும். சாயநீர் பட்ட இடத்துச் செடியையும் அதன் எருவையும் சோதிக்காமல் ஒரு கூடைகூடக் கொடுக்கக் கூடாது. தேறாததைக் கீரைக்கும் காய்கறிக்கும் காட்டவே கூடாது. கோவையிலே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆய்வுக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இடுப்பளவு சாக்கடையிலே ஆளை இறக்கிச் செடியை இழுக்கச் சொல்லும் வழக்கம் எங்கே இருந்தாலும் ஒழிய வேண்டும். இயந்திரம் வேண்டும், அது எட்டாத இடத்திலே கையுறையும் காலுறையும், உழைப்புக்கேற்ற கூலியும் வேண்டும். எடுத்த செடியைக் கரையிலேயே போட்டு, மழையிலே மீண்டும் ஆற்றுக்குள் போகவிடும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் எதற்கு? எடை போட்டு, எருக்குழியிலே சேர்த்த பிறகு பட்டியலைத் தீர்க்கட்டும். சாக்கடை நீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதை என்றைக்கு நிறுத்துவார்கள் என்பதையும், நகராட்சிகளும் மாநகராட்சிகளும் தேதி போட்டுச் சொல்லட்டும்.