குடிக்கூலிக்கும் வரம்பு வேண்டும்!

உழைப்பவனின் வருவாய்க்கு வரம்பு கட்டும் அரசு, அவன் தரவேண்டிய குடிக்கூலிக்கு வரம்பு கட்டத் தயங்குவதேன்?

ஊர்விட்டு ஊர்வந்து உழைப்போர்க்கென நடுவணரசு 2020-இல் நகர்ப்புறக் குடிக்கூலி வீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் தேவையை மறுப்பாரிலர். ஆண்டு வருவாய் 3 இலக்கம் உருபா வரையுடையோர் நலிந்தோர். 6 இலக்கம் வரையுடையோர் குறைவருவாயினர். இவ்விரு பிரிவினர்க்கே வீடு. குடிக்கூலியோ, அவ்வவ்வூர் நிலவரத்தை ஆய்ந்து வைக்கப்படும். ஈராண்டுக்கு ஒருமுறை 8 விழுக்காடு ஏறும். ஐந்தாண்டில் 20 விழுக்காட்டைத் தாண்டாது. ஏற்றத்திற்கு வரம்புண்டு, தொடக்கக் கூலியைக் குடியிருப்போன் வருவாயோடு பிணைக்கும் வரம்பில்லை.

கோவை வார்ப்படச் சாலைகளிலும் திருப்பூர்ப் பின்னலாடைச் சாலைகளிலும் வேலையிருந்தால்தான் கூலி. தையற்காரர் பலர்க்குத் தைத்த உருப்படிக்கே கூலி. ஏற்றுமதி குன்றினால் உலையும் குன்றும். குடிக்கூலி குன்றுமா? இன்று 3,000 உருபாவெனில் நான்காண்டில் ஏறத்தாழ 3,500 ஆகும். கைக்கூலியும் அவ்வாறே ஏறுமென்று யார் உறுதி தருவார்?

அமெரிக்காவில் 1969-இல், அரசு வீட்டின் குடிக்கூலி குடும்ப வருவாயில் 25 விழுக்காட்டை மிஞ்சலாகாதெனச் சட்டம் செய்தனர். 1981-இல் அதனை 30 ஆக்கினர். அளவு கூடினும் அளவுகோல் மாறவில்லை: குடியிருப்போன் வருவாயே அது.

2024-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்திலும் குடிக்கூலி வீட்டுக்கு இடமுண்டு. கொங்கு மண்ணில் அவ்வீடுகள் எழுமுன், வருவாயில் இத்தனை பங்கே குடிக்கூலியெனத் தமிழக அரசு வரையறுக்கட்டும். பொதுப்பணத்தில் எழுப்பிய சுவருக்குள் சந்தை விலை குடிபுகலாகாது!